புதுப்பிப்பு: கன்னத்தில் 'அழுக்கு' உருட்டிக் காட்டி விற்ற ஜெல், பணம் வந்துவிட்டது

பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த நேரடி விற்பனைப் பெண், மைனி கன்னத்தில் ஜெல் தேய்த்து, திரிதிரியாக உருண்டதை "எவ்வளவு அழுக்கு பாருங்கக்கா" என்று காட்டி, 4,800 ரூபாய்க்கு ஒரு செட்டைத் தலையில் கட்டிவிட்டுப் போனாள். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டில் தேய்த்துப் பாருங்கள்" என்ற யோசனைதான் கண்ணைத் திறந்தது. தட்டிலும் அதே திரி! அழுக்கே இல்லை, ஜெல்லைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கார்போமர் மாதிரிப் பொருள் தேய்க்கத் தேய்க்கத் திரண்டு உருளுகிறது. மைனி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, எவர்சில்வருக்கும் கரும்புள்ளியா?"

நிறுவனத்துக்குப் போன் போட்டால் "பிரித்ததை எடுக்க மாட்டோம்" என்றார்கள். அடுத்து, நீங்கள் சொன்ன 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2021 நேரடி விற்பனை விதிப்படி அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது; இவளிடம் இரண்டும் இல்லை. அதை எழுதிக் கொடுத்தேன். பில் தரவில்லை, ஜிபே பதிவே சாட்சி.

எதிர்பாராதது ஒன்று: போட்டோ எடுக்கும்போது செட்டில் ஒரு பொருளின் விலை ஸ்டிக்கர் ஓரம் பிய்ந்தது. மேலே 1,200, அடியில் அச்சிட்ட விலை 350. அந்தப் போட்டோ போன பிறகுதான் அவர்கள் பேச்சே மாறியது. பதினோராம் நாள் 4,500 வந்தது. பிரித்த ஜெல்லுக்கு 300 பிடித்துக்கொண்டார்கள். விட்டுவிட்டேன்.

மிச்ச ஜெல்லால் மைனி குத்துவிளக்கைத் தேய்த்துப் பார்த்தார். அதுவும் பளிச்சிடவில்லை.