புதுப்பிப்பு: பெர்லின் முகவரிப் பதிவு, ஒரு திருத்தமும் தபால்பெட்டியும்

குடிபுகுந்த 14 நாளுக்குள் ‘அன்மெல்டுங்’ என்ற முகவரிப் பதிவைச் செய்ய வேண்டும், பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். திருத்தம்: ஒப்பந்தம் போதாது. நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். அதைத் தருவது அவருடைய சட்டக் கடமை, தயங்காமல் கேளுங்கள். நகரின் எந்த பூர்கர்ஆம்ட்டிலும் (குடிமக்கள் சேவை அலுவலகம்) பதியலாம்.

பலரும் கோட்டைவிடுவது தபால்பெட்டியில்தான். இங்கே முகவரியில் பொதுவாக ஃபிளாட் எண் கிடையாது. தபால்காரர் பெட்டியிலுள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். வருமான வரி எண் சில வாரங்களில் தபாலில் வரும். பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். நம்மவர்களுக்குக் கூடுதல் சிக்கல்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால், கடிதமும் அந்தப் பெயருக்கே வரும். உங்கள் பெயர், அப்பா பெயர் இரண்டையும் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். எண் கிடைக்கத் தாமதமானால், அதிகப் பிடித்தமுள்ள 6-ஆம் வரி வகுப்பில் சம்பளம் போடப்படலாம். பிறகு சரிசெய்துகொள்ளலாம், ஆனால் முதல் மாதம் கையைக் கடிக்கும்.

பதிந்த பிறகு ஒலிபரப்புக் கட்டணக் (பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வீடுதோறும் வசூலிப்பது) கடிதம் வரும். மோசடி அல்ல. மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்றுதான். அறைத்தோழர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணைப் பதிலில் எழுதுங்கள்.