[கலைச்சொல்] கோதிக் ராக், கான்செப்ட் ஆல்பம்: தமிழில் எப்படி?

நண்பர்களே,
இசை அறிமுக நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஓர் அத்தியாயம், கோதிக் ராக் குழு ஒன்றின் திகில் கான்செப்ட் ஆல்பத்தைப் பற்றியது. இப்போதைக்கு 'கருத்துரு இசைத்தொகுப்பு' என்று போட்டிருக்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

* * *

> கருத்துரு இசைத்தொகுப்பு

வேண்டாம் ஐயா. கருத்து எல்லாப் பாட்டிலும்தான் இருக்கிறது. இங்கே முக்கியம், பாடல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து ஒரே பொருளைச் சொல்வது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம் (தனிப்பாட்டு), குளகம் (பல பாட்டு ஒரே வினையில் முடிவது), தொகைநிலை (பல பாட்டின் தொகுப்பு), தொடர்நிலை (பாட்டுகள் தொடர்ந்து செல்வது) என்று நான்காகப் பிரிக்கிறது. வழக்கமான ஆல்பம் தொகைநிலை. 1975இல் அமெரிக்க ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் வெளியிட்ட திகில் ஆல்பம் (அவர் கோதிக் இல்லை, ஆனாலும் நல்ல எடுத்துக்காட்டு) ஒரு சிறுவனின் கெட்ட கனவுகள் வழியாகவே நகர்கிறது. அது பொருள் தொடர்நிலை, அதாவது பொருளால் தொடர்வது. ஆகவே 'பொருள்தொடர் தொகுப்பு'.

கோதிக்குக்கு 'அணங்கிசை'. 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்கிறது தொல்காப்பியம். அச்சத்தில் முதலில் நிற்பதே அணங்கு, அதாவது வருத்தும் தெய்வம்தான்.

* * *

'கோவை' என்ற சிற்றிலக்கிய வகையை மறந்துவிட்டோமே! ஒவ்வொரு பாட்டும் தனியே நிற்கும். வரிசையாகப் படித்தால் களவு முதல் கற்பு வரை ஒரு கதை ஓடும். திருக்கோவையாரின் 400 பாட்டும் அப்படித்தான். 'கோ' என்றால் தொடுத்தல். கோப்பு, கோவை, கோவணம் எல்லாம் இந்த வேரில் வந்தவை என்பது என் கருத்து. 'கதைக்கோவை' என்போம்.

* * *

கோவணத்தை விட்டுவிடுவோம் அம்மா, அதற்குத் தனி இழை தொடங்கலாம். ஏற்கெனவே 'சிறுகதைக்கோவை' என்று புத்தகங்கள் வருவதால் 'கதைக்கோவை'யைப் பார்ப்பவர் சிறுகதைத் தொகுதி என்றே நினைப்பார்.

'அணங்கிசை'யை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கோத்துகள் ஒரு ஜெர்மானிய இனம். மறுமலர்ச்சிக் கால இத்தாலியர் பழைய கட்டடக் கலையை இழிவாகச் சொல்ல அந்தப் பெயரை எடுத்தார்கள். 1765இல் ஹொரேஸ் வால்போல் தன் நாவலின் இரண்டாம் பதிப்புக்கு 'கோதிக் கதை' என்று துணைத்தலைப்பு வைத்தபிறகு அது பேய்க்கோட்டைக் கதைகளின் பெயரானது. 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் பங்க் இசைக்குப் பின் வந்த பௌஹவுஸ் போன்ற குழுக்களுக்கு அது ஒட்டிக்கொண்டது. அடங்கிய குரல், முன்னால் நிற்கும் பேஸ் கிட்டார், எதிரொலி: கோதிக் ராக் என்றால் இந்த ஓசைதான். அதில் காதலும் துக்கமும் நிறையப் பாடப்படுகின்றன. திகில் இந்த ஆல்பத்தின் பொருள் மட்டுமே. இரண்டையும் 'அணங்கு' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், திகிலே இல்லாத கோதிக் பாட்டை என்னவென்று சொல்வீர்கள்?

* * *

அணங்கு வெறும் அச்சமில்லை ஐயா. 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று வள்ளுவர் காதலில்தானே கேட்கிறார்? அழகும் வருத்தமும் கலந்த இந்தச் சொல்லைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

* * *

குறளை மறுக்கவில்லை. ஆனால் கோதிக் கட்டடம், கோதிக் நாவல், கோதிக் எழுத்துரு எல்லாம் தமிழில் கோதிக்காகவே இருக்கும்போது இசைக்கு மட்டும் வேறு பெயர் வைத்தால் அந்த வரலாற்றுத் தொடர்பு அறுந்துவிடும்.

* * *

சரி, நேரமில்லை. 'கோதிக் ராக் குழுவின் திகில் பொருள்தொடர் தொகுப்பு' என்று அனுப்புகிறேன். பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டிருக்கிறீர்கள்.

* * *

நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், 'திகில்' எதற்கு அடை? பொருளுக்கா, தொகுப்புக்கா? 'திகிற்பொருள் தொடர்' என்று புணர்த்தினால் அந்தக் குழப்பமாவது தீரும்.