4 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட்: வேலை நடுவே மொத்தமாக உறைகிறது

கடையில் பில்லும் டிடிபியும் ஓடும் டெஸ்க்டாப். ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி டிடிஆர்3, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மின்ட் 21.3 எக்ஸ்எஃப்சிஇ, கெர்னல் 5.15.

பிரவுசரில் ஏழெட்டு டேப், கூடவே லிப்ரே ஆபீஸில் பெரிய கணக்கு ஃபைல் என்று சேர்ந்தால் போதும், மவுஸ் அம்புகூட நகராது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். ஓடும் செயல்களைக் காட்டும் டாப் கட்டளையில் கேஸ்வாப்டி0 (ராம் நிரம்பும்போது அதில் உள்ளதை ஸ்வாப்புக்கு, அதாவது ராமுக்கு மாற்றான இடத்துக்கு, தள்ளும் கெர்னல் வேலை) முதலிடத்தில் நிற்கும். வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான். பொங்கலுக்குப் பிறகு, வாட்ஸ்அப் வெப்பை நாள் முழுக்கத் திறந்து வைக்கத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை.

ஸ்வாப்பினெஸ் (கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்புக்குத் தள்ளும் என்ற அளவு) 60ஐ 10 ஆக்கினேன். உறைவது தள்ளிப்போனது, நிற்கவில்லை. தானாகத் தொடங்கும் செயலிகளை நிறுத்தியதில் ராம் பெரிதாக மிச்சமாகவில்லை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டில் பிழை இல்லை. எர்லிஊம் (ராம் தீரும் முன்பே ஏதாவதொரு செயலியை மூடிவிடும் நிரல்) போட்டால் உறையாது, ஆனால் பிரவுசரையே கொன்றுவிடுகிறது. பாதி நிரப்பிய படிவம் போச்சு. அதை எடுத்துவிட்டேன்.

இப்போது 2 ஜிபி இசட்ராம் (ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்), இசட்எஸ்டிடி என்ற சுருக்க முறையோடு, டிஸ்க் ஸ்வாப்புக்கு முன் இது நிரம்பும்படி முன்னுரிமை 100. இதில்தான் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் அது நிரம்பியதும் டிஸ்கில் உள்ள பழைய 2 ஜிபி ஸ்வாப் ஃபைலுக்குப் போகிறது, மறுபடி அதே கதை. ஸ்வாப்பினெஸ் இன்னும் 10தான். கெர்னல் 5.8 முதல் 200 வரை ஏற்கும், இசட்ராமுக்கு 180 வைக்கலாம் என்கிறார்கள்.

எஸ்எஸ்டி, ராம் இரண்டும் வாங்கத்தான் போகிறேன். அதுவரை இதை வைத்தே ஓட்டணும்.

டிஸ்க் ஸ்வாப்பை வைத்துக்கொண்டே 180க்கு ஏற்றலாமா, இல்லை அதை நீக்கிவிட்டு இசட்ராமை மட்டும் நம்பலாமா?