பிரிட்ஜ் பிக்கப் மாற்ற வேண்டும்: ஜேபியா, 59ஆ?

வணக்கம், கல்லடியில் இருந்து எழுதுகிறேன். என் எலெக்ட்ரிக் கிற்றாரில் இரண்டு ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), 500 கே பொட் (சத்தம், தொனி திருகும் குமிழ்). ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது) போட்டு அம்ப்ளிஃபயருக்குக் கிட்டப் போனாலே பிரிட்ஜ் பிக்கப், அதாவது தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பது, கீச்சிடுகிறது. சுருளுக்குள் மெழுகு சரியாக இறங்கவில்லை போல. மெழுகில் தோய்த்துப் பார்க்கலாம்தான், ஆனால் அதன் தொனியே எனக்குப் பிடிக்காது. மாற்றுவதென்று முடிவு.

எல்லோரும் சொல்வது சீமோர் டங்கன் என்ற பிக்கப் கம்பெனியின் ஜேபி. அல்னிகோ 5 காந்தம், 16 கிலோ ஓம் சொச்சம். ரொக்குக்குச் சரி. நான் வாசிப்பதில் பாதி கலியாண வீட்டுப் பைலாவும் கஃப்ரிஞ்ஞாவும், ஆட்டப் பாட்டுகள். அங்கே வெட்டி வெட்டி அடிக்கும் கோர்ட் துலக்கமாகக் கேட்க வேண்டும். அதற்கு அவர்களுடைய 59தான், 8 கிலோ ஓம் அளவில், பொருந்தும் என்று படுகிறது. (ஓமை மட்டும் வைத்துச் சத்தத்தைக் கணக்கிட முடியாது, கம்பியின் பருமனும் காந்தமும் சேர்ந்துதான்.)

இரண்டில் ஒன்றையாவது பாவித்தவர்கள் சொல்லுங்கள். ஜேபியைக் கொயில் ஸ்பிளிட் செய்தால் (இரண்டு சுருளில் ஒன்றை மட்டும் ஓட விட்டால்) பைலாவுக்குச் சமாளிக்குமா? என் பிரிட்ஜில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே 52 மில்லிமீட்டர். அகல அளவுப் பிக்கப்தான் எடுக்க வேண்டுமா?

அப்புறம், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கிற்றார் வயரிங் தெரிந்து ஈயம் பிடித்துத் தருபவர் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.