கடைசி ஆறு கிலோமீட்டர்

(குடும்பக் குழு, வியாழன் இரவு)

அத்தான், 8:12: விமானம் சனிக்கிழமை மாலை 5:40க்கு இறங்குகிறது. அங்கிருந்து நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீடு 180 கிலோமீட்டர், மேப் இரண்டரை மணி நேரம் என்கிறது. எட்டரைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

சித்தப்பா, 8:15: மாப்பிள்ளை, மேப் சொல்லும் நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். குடியேற்ற வரிசை, பெட்டி, வாடகைக் கார் கவுண்டரில் கையெழுத்து எல்லாம் இருக்கிறதே. ஏழரைக்குக் காரில் உட்கார்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அக்கா, 8:16: விமானம் தாமதமாகி, அதற்குள் கவுண்டரை மூடிவிட்டால்?

நான், 8:19: முன்பதிவில் விமான எண்ணைக் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. நிரப்பினால் தாமதம் அவர்களுக்கும் தெரியும். அத்தான் அதைக் காலியாக விட்டிருக்கிறார் 🙂

அத்தான், 8:21: போட்டுவிட்டேன்.

சித்தப்பா, 8:22: கார் யார் பெயரில்?

அத்தான், 8:22: ஓட்டுவது நான். கார்டு அவளுடையது.

சித்தப்பா, 8:26: அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். டெபாசிட் தொகையை அதில்தான் பிடித்துவைப்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் வாங்குவதில்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்தாயிற்றா?

அத்தான், 8:27: எடுத்தாயிற்று.

சித்தப்பா, 8:31: அசல் லைசென்ஸையும் மறக்காதீர்கள். அனுமதிப் புத்தகம் அதற்கு மொழிபெயர்ப்பு மாதிரிதான், தனியாகச் செல்லாது. சாலைப் போக்குவரத்துக்கான 1949 சர்வதேச ஒப்பந்தப்படி கொடுத்ததா, 1968 ஒப்பந்தப்படி கொடுத்ததா என்று அட்டையிலேயே இருக்கும். எல்லா நாடும் இரண்டையும் ஏற்பதில்லை.

அக்கா, 8:34: எனக்குக் கவலை வீட்டைக் கண்டுபிடிப்பதில்தான். முகவரியில் தெருப் பெயரே இல்லை. ஊர்ப் பெயரும் வீட்டின் பெயரும் மட்டும்.

நான், 8:36: ஊர்ப் பெயரைப் போட்டால் மேப் ஊரின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். உரிமையாளரிடம் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையோ பிளஸ் கோடையோ (மேப்பில் இடத்தைக் குறிக்கும் குறுங்குறியீடு) கேள். கடைசித் திருப்பத்தின் போட்டோவும் ஒன்று. பகலில் எடுத்தது.

சித்தப்பா, 8:43: போட்டோவைக் கட்டாயம் கேளுங்கள். நாங்கள் போன வீட்டுக்கு மேப் காட்டிய புள்ளி ஓடைக்கு இந்தப் பக்கம். வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, பாலம் இல்லை. திரும்பிச் சுற்றினோம், அந்தக் கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். சரி, வந்தாயிற்று என்று பார்த்தால், சாவிப் பெட்டியின் எண் செயலியில் வந்த செய்திக்குள் இருக்கிறது, போனில் சிக்னல் இல்லை. உங்கள் சித்தி அன்று பேசியதை இங்கே எழுத முடியாது.

நான், 8:45: எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அத்தான். அந்தப் பகுதி மேப்பையும் முன்பே இறக்கி வையுங்கள். வழி தேட நெட் வேண்டியதில்லை, ஜிபிஎஸ் போதும்.

அம்மா, 8:46: இதெல்லாம் எதற்கு, பகலில் போங்களேன்.

அக்கா, 8:52: அம்மா சொல்வதுதான் சரி. அன்று நாம் எழுவது அதிகாலை 3 மணிக்கு. நேர வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தேன், வீட்டை அடையும்போது விழித்து 20 மணி நேரம் தாண்டியிருக்கும். 17 மணி நேரம் தூங்காதவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று சோதித்தே சொல்லியிருக்கிறார்கள்.

அத்தான், 8:53: விமானத்தில் தூங்கிவிடுவேன்.

அக்கா, 8:53: நீங்கள் விமானத்தில் தூங்கி நான் பார்த்ததில்லை.

அத்தான், 8:55: ஒரு இரவு வாடகை வீணாகுமே. பக்கத்து நகரம் வரை ரயிலில் போய், மறுநாள் அங்கே கார் எடுத்தால்?

நான், 8:58: பார்த்துவிட்டேன். அந்த நகரத்துக் கிளைக்கு ஞாயிறு விடுமுறை. விமான நிலையத்தில்தான் எடுத்தாக வேண்டும்.

அம்மா, 8:59: விமான நிலையத்துக்குப் பக்கத்தில் படுத்து எழுந்து போங்கள்.

அத்தான், 9:04: சரி, சரி. காரை ஞாயிறு காலை 9 மணிக்கு மாற்றிவிடுகிறேன்.

சித்தப்பா, 9:06: வீட்டுக்காரருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். சொல்லாமல் முதல் இரவு வராவிட்டால், வரவே மாட்டார்கள் என்று பதிவை ரத்து செய்துவிடுவார்கள்.

அத்தான், 9:15: எழுதிவிட்டேன். அப்புறம், முன்பதிவில் ‘மேனுவல்’ என்று இருக்கிறதே, அது கியர் வண்டியா?

நான், 9:15: ஆமாம்.

சித்தப்பா, 9:16: மாப்பிள்ளை, அங்கே சாலையில் பக்கம் மாறி ஓட்ட வேண்டும். கியரும் மற்றக் கைக்குப் போய்விடும்.

அத்தான், 9:16: பழகிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

அக்கா, 9:17: பார்க்க வேண்டாம். மாற்றுங்கள்.