11 வயது மகளுக்குக் கணைய அழற்சி, சாப்பாடு கொடுக்கலாமா?

கயல்அம்மா:
மூன்று நாள் முன்னால் ராத்திரி மகளுக்கு மேல்வயிற்றில் வலி, வாந்தி நிற்கவே இல்லை. பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடிவதற்குள் வலி முதுகுக்கும் பரவி, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பெரிய மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் லிப்பேஸ் (கணையம் சுரக்கும் என்சைம்) 1,400, அறுபதுக்குள் இருக்க வேண்டுமாம். ஸ்கேனில் கணையம் வீங்கியிருக்கிறது, பித்தப்பையில் கல் இல்லை. டிரிப் ஓடுகிறது. இன்று வாந்தி நின்று பசிக்கிறது என்கிறாள், டாக்டரும் இட்லி கொடுக்கச் சொல்கிறார். மாமியார்தான் கூடவே கூடாது என்கிறார், அவர் தம்பிக்கு வந்தபோது ஒரு வாரம் பட்டினி போட்டார்களாம். என்ன செய்ய? மறுபடி வருமா?

வார்டு_நர்ஸ்:
கொடுங்கள் அக்கா. முன்பு அப்படித்தான் பட்டினி போட்டார்கள், மாமியார் சொல்வது பொய்யில்லை. இப்போது லேசான அழற்சி என்றால் ஒன்றிரண்டு நாளிலேயே வாய்வழியாகக் கொடுக்கிறோம், குடல் சும்மா கிடந்தால் அதன் சுவர் பலவீனமாகிக் கிருமி நுழைய வழியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வலி கூடினால் சொல்லுங்கள். லிப்பேஸ் தினமும் எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், வலியோடு அது இருக்க வேண்டிய அளவைப் போல் மூன்று மடங்காவது இருந்தால் நோய் இதுதான் என்று தெரியும், அவ்வளவுதான், எண் பெரிதாக இருப்பதால் நோய் கடுமை என்று அர்த்தமில்லை. மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே கூப்பிடுங்கள்.

திருப்பூர்_அப்பா:
என் பையனுக்கு 9 வயதில் வந்தது. சைக்கிளில் விழுந்து ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருக்கிறது, திட்டுவோம் என்று பயந்து சொல்லவே இல்லை, டாக்டர் தனியாகக் கேட்டபோதுதான் சொன்னான். மகளிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவனுக்கு ஒரு மாதம் கழித்துக் கணையத்தை ஒட்டி நீர்க்கட்டி தெரிந்தது, தானாகவே வற்றிவிட்டது, அதனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் செக்கப்பை விடாதீர்கள்.

சிறுவாணி:
மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா? என் தங்கை மகளுக்கு வலிப்புக்குக் கொடுத்த வால்புரோயேட்டால் வந்தது. அப்படி ஏதாவது இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்துவிடும், அவளுக்கு டாக்டர்தான் வேறு மருந்துக்கு மாற்றினார்.

வார்டு_நர்ஸ்:
மறுபடி வருமா என்று கேட்டீர்களே, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு தடவையோடு சரி. ரத்தத்தில் கால்சியமும் டிரைகிளிசரைடும் (ஒரு வகைக் கொழுப்பு) பார்த்தார்களா என்று கேளுங்கள். டிரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டினால் அதையே காரணமாக எடுப்பார்கள், ஆனால் சாப்பிடாமல் இருந்தாலே அது இறங்கிவிடும், சேர்த்த அன்று எடுத்த ரத்தத்தில் பார்த்திருந்தால் நல்லது. இரண்டாவது முறை வந்தால்தான் பெரும்பாலும் மரபணு சோதனை வரைக்கும் போவார்கள்.

கயல்அம்மா:
மாத்திரை எதுவும் இல்லை, விழவும் இல்லை என்கிறாள். கால்சியம் சரியாக இருக்கிறதாம், டிரைகிளிசரைடு முதல் நாளே எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட் சாயங்காலம் வரும். அரை இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரமாகிறது, வலி இல்லை. மாமியார்தான் ஊட்டிவிட்டார்.