எமரால்டு சதுப்பில் ஒரு அந்துப்பூச்சி: இனம் காண உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். நீலகிரியில் எமரால்டு பக்கம், எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு சிறிய சதுப்பு நிலம் இருக்கிறது. தோடர்கள் கோயில் கூரை வேயப் பயன்படுத்தும் சதுப்புப் புல் இன்னும் அதில் கொஞ்சம் நிற்கிறது.

அமாவாசையை ஒட்டி மூன்று இரவுகள் பூச்சிகள் வந்து அமர வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி விளக்கு வைத்தேன். மூன்று இரவும் ஒரே பூச்சி வந்தது. வைக்கோல் நிறம், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். சிறகுகளை உடலோடு சுருட்டிக்கொள்கிறது, முகத்தில் மூக்குபோல ஒரு நீட்சி. பகலில் புல் தண்டில் தலைகீழாக ஒட்டியிருக்கும். உலுக்கினால் நான்கடி பறந்து மறுபடி அமர்ந்துவிடும். எத்தனை அழகு!

கிராம்பிடே குடும்பத்துப் புல் அந்துப்பூச்சி என்பதுவரை வந்துவிட்டேன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஹாம்ப்சன் 1892 முதல் இந்திய அந்துப்பூச்சிகள் பற்றி எழுதிய தொகுதிகளையும் புரட்டினேன். ஒன்றுபோல் தோன்றும் இனங்கள் பல இருப்பதால் வெறும் வருணனை போதவில்லை. இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஒப்பிடத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். கொடைக்கானல் பக்கம் ஈரப் புல்வெளிகளில் இதைப் பார்த்தவர்கள் படம் அனுப்புங்கள்.

இந்தச் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் கேரட் போடப் பேச்சு நடக்கிறது. அதற்குள் பெயர் தெரிந்தால் ஊர்க் கூட்டத்தில் எடுத்துச் சொல்வேன்.